மாலை வெயில் எந்தப் பக்கம்?

அடியே,

இன்று காலை காய்கறி வாங்கித் திரும்பும் வழியில் பஞ்சர் கடைக்காரர் டியூபில் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டார். உன்னைத்தான் என்று சொன்னால் பாவம், பயந்துபோவார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வெண்டைக்காய் நறுக்காமல் கிடக்கிறது. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சின்ன அறையில் நாம் இரண்டு பேரும் குடியிருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். நீ புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிராம நர்ஸ். கீழ்பென்னாத்தூர் சாலையை ஒட்டிய ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது உன் வேலை. போன ஊரையும் பார்த்த வேலையையும் டைரியில் எழுதி மாதாமாதம் அதிகாரியிடம் காட்ட வேண்டும். ஒரு வருஷ டைரியைப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் உனக்கு வேலை நிரந்தரம். எதிர்காற்றில் எத்தனை மைல் மிதித்தாலும் நீ அசர மாட்டாய். பேனாவைக் கண்டால் மட்டும் உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். வாசலில் கால் கழுவிக்கொண்டே நீ நாலு வார்த்தை சொல்வாய். நான் அதை ஒரு பக்கமாக்குவேன். சைக்கிளில் ஏறியே பார்க்காத எனக்கு அந்தச் சாலைகளைப் பற்றி எழுதுவதில் அப்படி ஒரு கர்வம்.

மூன்றாம் மாதம் அந்தக் கர்வத்தின் மேல் சிவப்பு மை விழுந்தது. ‘கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து திரும்புகையில் மாலை வெயில் முதுகில் இதமாக விழுந்தது’ என்று எழுதியிருந்தேன். அதிகாரி இந்த ஊர்க்காரர். அங்கிருந்து மேற்கே வருகிறவருக்கு மாலை வெயில் முகத்தில் அல்லவா அடிக்கும், உண்மையில் போனது யார் என்று ஓரத்தில் எழுதிவிட்டார். நீ போகாமலே எழுதியதாக அவருக்குச் சந்தேகம். போனது நான், எழுதியது என் அறைத் தோழி என்று நீ ஒளிக்காமல் சொன்னாய். இன்னொரு முறை பொய் என்று பட்டால் கையெழுத்து கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்று நான் அழுதேன். உன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அழுதேன். இனிமேல் நீயே எழுதிக்கொள் என்றும் சொன்னேன். நீ என்னவோ அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாய்.

“எழுதறத நிறுத்தாதடி. நீ எழுதுனாதான் நான் எங்க போய்ட்டு வந்தேன்னு எனக்கே தெரியுது. நீயும் வந்து பாத்துட்டு எழுது” என்றாய்.

அடுத்த ஞாயிறே சைக்கிள் பாடம். எனக்கு வலது பக்கம் மட்டும்தான் திரும்ப வந்தது. இடது பக்கம் திருப்பினால் விழுந்தேன், இறங்கவும் தெரியாது. நீ கொஞ்சமும் கவலைப்படவில்லை. மலை சுற்றுகிற பாதையில் மலை எப்போதும் வலது கைப் பக்கம்தானே, வலது பக்கமே திரும்பிக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம் என்று கணக்குப் போட்டாய். கேரியரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, நீ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாய். அடி அண்ணாமலையில் சாலையோரம் காயப்போட்டிருந்த வேர்க்கடலைக் கொடியில் போய் விழுந்தேன். ஊர்க்காரர்கள் தூக்கி நிறுத்தி, சைக்கிளில் ஏற்றி, வேண்டுதலா என்று விசாரித்துத் தள்ளிவிட்டார்கள். கடைத்தெருவில் மாட்டு வண்டிக்கெல்லாம் மணியடித்துக்கொண்டு ஒரு வழியாக நான் வந்து சேர்ந்தபோது நீ மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளை என்னவென்று சொல்வது? எனக்கு ஒரு பழைய சைக்கிள் கிடைத்தது. நீ முன்னால், மருந்துப் பெட்டியோடு. நான் பின்னால், வாயில் தூசியோடு. மாலை வெயில் முகத்தில் எப்படி அடிக்கும் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கற்றேன். உன் பெட்டியைக் கண்டதும் பிள்ளைகள் புளியமரத்தில் ஏறிக்கொள்ளும், தாய்மார்களே ஏற்றிவிடுவார்கள். ஆனால் ஊருக்குள் திரும்பும் இடம் இடது பக்கமாக இருந்தால் நான் கட்டாயம் விழுவேன். டீச்சரம்மா விழுந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் போதும், மரத்திலிருந்த அத்தனையும் இறங்கி வந்து சுற்றி நிற்கும். நீ என்னைத் தூக்க வந்ததே இல்லை. நேராக ஊசியை எடுப்பாய். வலியில் எனக்குக் கோபம் வரும். உன் முகத்தைப் பார்த்தால் சிரிப்பும் வந்து தொலைக்கும்.

வருஷக் கடைசியில் அதிகாரி மறுபடியும் பிடித்துக்கொண்டார். விழுந்ததை எழுத வெட்கப்பட்டு ஒவ்வொரு ஊருக்கும் ‘பிள்ளைகள் தாமாகவே வந்து கூடின’ என்று எழுதிவைத்திருந்தேன். எல்லா ஊரிலும் ஊசியைக் கண்டு ஓடுகிற பிள்ளைகள் இந்த அம்மாவிடம் மட்டும் எப்படித் தாமாக வரும் என்று கேட்டார். கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிட்டார். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். என் வெட்கத்தால் உன் வேலை போகப்போகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நீ அவருடைய பேனாவையே கேட்டு வாங்கினாய். என் எழுத்துக்குக் கீழே, முதல் தடவையாக உன் கையால் எழுதினாய்: ‘கூட வந்த டீச்சர் சைக்கிளிலிருந்து விழுந்தார். பிள்ளைகள் பார்க்க வந்தன. ஊசி போட்டேன்.’

அவர் அதைப் படித்துவிட்டு வெளியே எட்டி என்னைப் பார்த்தார். முழங்கை, உள்ளங்கை எல்லாம் கட்டு. சிரித்தாரா என்று தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார். நான் ஒரு வருஷமாக எழுதிய பக்கங்களில் அந்த மூன்று வரிக்கு ஈடாக ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் உன் காரியத்துக்கு ஒரு வேன் நிறைய ஜனம் வந்து இறங்கியது. அதில் ஐம்பது வயது இருக்கும் ஒருத்தி, உன் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

“சைக்கிள்ல வந்து வந்து விழுவாங்களே ஒரு டீச்சரு, நீங்கதானேம்மா? நான் மரத்து மேல இருந்தேன். உங்களப் பாக்கத்தான் எறங்கி வந்தேன், நர்ஸம்மா புடிச்சிக்கினாங்க.”

ரவிக்கைக் கையைத் தூக்கி ஊசித் தழும்பைக் காட்டினாள். நானும் புடவையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்கால் தழும்பைக் காட்டினேன். காரிய வீடென்றும் பார்க்காமல் இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்துவிட்டோம்.