மதர்போர்டு போச்சுக்கா

ஐப்பசி 6, வெள்ளி

விடியலிலிருந்து தூறல்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். காலையில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டேன். மிளகாய், உப்பு, தெருமண். நெருப்பில் போட்டும் நெடி வரவில்லை. அப்படியென்றால் கண் பட்டது உண்மை. கழிந்ததா? இல்லை. மூத்த மாப்பிள்ளை எழவில்லை. (என் மகள் கவிதாவுக்கு வரப்போகிறவர் சின்ன மாப்பிள்ளை. கடையில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கம்ப்யூட்டர்தான் மூத்தவர்.)

ஆயுத பூஜைக்கு அணைத்து, துடைத்து, சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. இவ்வளவு மரியாதை செய்தும் மறுநாளிலிருந்து இந்த முறுக்கு. பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், ஒரு மூச்சு விடுவதற்குள் அணையும். மறுபடி அமுக்கினால் மறுபடியும் அதே.

முகூர்த்த மாதம். ஃப்ளெக்ஸ் ஆர்டர் அத்தனையும் அதற்குள்ளே. இப்போது விட்டால் தை வரைக்கும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சாயங்காலம் சுருளி வந்தான். (இனி சு. எழுத்துக் கூட்டி எழுத எனக்கு நேரமாகிறது.) கம்ப்யூட்டர் மெக்கானிக், சொந்தக் கடை. எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, இவன்தான் தம்பி. கவிதா சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தவன். அஞ்சாவதோடு நின்ற எனக்கு, படத்தை வெட்டி ஒட்டச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே.

பொத்தானை அமுக்கினான். விரலை மூக்குக்குக் கொண்டுபோனான். கருகின வாடை பார்க்கிறான் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"மதர்போர்டு போச்சுக்கா."

"ஏலே, நல்லாப் பாரு. எனக்குந்தேன் முட்டி போச்சு. நடக்கலையா?"

"போச்சுன்னா போச்சுக்கா. டிஸ்கை மட்டும் குடுங்க. உங்க டிசைனெல்லாம் பத்திரமா எடுத்து வைக்கேன்."

கழற்றிக் கொண்டுபோனான். போகும்போது டீ கூடக் குடிக்கவில்லை.

சனி

மழை. கடையில் சும்மா உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றேன். டிஸ்க் திரும்பி வந்தது. அவனே மாட்டினான். "எல்லாம் பத்திரம்க்கா." கம்ப்யூட்டர் அதே முறுக்கு.

மார்க்கையன்கோட்டை அண்ணன் போன். பேரன் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் சொல்லியிருந்தவர்.

"வேற ஆளுகிட்டக் குடுத்துட்டோம்த்தா. உன் கம்ப்யூட்டரு இனி எந்திரிக்காதாமே."

"யாருண்ணே சொன்னாக?"

"ஊரே சொல்லுது."

ஊரிடம் யார் சொன்னது? நான் சு.விடம் மட்டும்தான் சொன்னேன். கவிதாவைக் கேட்டேன். "நிச்சயத்துக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்கவே நேரமில்ல. இதயா சொல்லிட்டுத் திரிவேன்?" என்று என்மேல் பாய்ந்தாள்.

ஞாயிறு

வெயில் அடித்தது. துணி காய்ந்தது.

வாங்க வேண்டியவை: வெற்றிலை, கல்கண்டு, சந்தனம் (வீட்டில் தீர்ந்துவிட்டது).

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். எதிரே புது ஃப்ளெக்ஸ். மார்க்கையன்கோட்டை அண்ணன், பேரன், நூறு சொந்தக்காரர்கள். மூலையில் என் கிளி.

என் கிளிதான். எனக்குக் கிளிக்குக் கால் வரைய வராது. அதனால் ஒரு இலையை வைத்து மறைத்துவிடுவேன். அதே இலை. அதே இடம். அடியில் சு. கடைப் பெயர்.

பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறான்.

கல்கண்டு வாங்க மறந்து வந்துவிட்டேன்.

திங்கள்

தேனியில் வேறு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று கிளம்பினேன். பெட்டியை அழுக்கோடு கொண்டுபோனால் நம்மைத்தான் பேசுவார்கள். ஈரத்துணியால் துடைத்தேன். பொத்தானைச் சுற்றிக் காய்ந்த சந்தனம், பிள்ளைக்குப் பாசத்தோடு அப்பின மாதிரி. ஊக்கால் நோண்டினேன். உள்ளே இறங்கிப் போயிருந்தது. கடைசித் துண்டு உதிர்ந்ததும் பொத்தான் டக்கென்று வெளியே வந்தது.

அமுக்கினேன். எழுந்தது. உட்கார்ந்தது. வணக்கம் வைத்தது.

அமுக்கும்போதெல்லாம் பொத்தான் சந்தனப் பசையில் ஒட்டிக் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றிருக்கிறது. அமுக்கிப் பிடித்தால் அணைந்துவிடும் என்று எனக்கே தெரியும். சொல்லிக்கொடுத்தவன் சு.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. விரலை மோந்தான்.

நேரே அவன் கடை.

"ஏலே சுருளி, சந்தனம் எப்படி, நல்ல வாடையா?"

தலையைத் தூக்கவில்லை. "அது... நீங்க சாமி கும்பிட்டு வச்சது. அதனாலதேன் கெட்டுச்சுன்னா மனசு வருத்தப்படுவீகன்னு..."

"அதுக்காக என் ஆர்டரையெல்லாம் நீயே சுமந்தியாக்கும். பாவம், தோளு வலிக்கலையா?"

கடையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து சோற்றை மூடி வைத்தேன். கிளியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். காலும் சேர்த்து அவனையே வரையச் சொல்லியிருப்பேன். ஆனால் தெரிந்துகொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் போகவில்லை.

செவ்வாய்

மேகமூட்டம். பழைய ஆர்டரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை.

சு.வை நிச்சயத்துக்குக் கூப்பிடப் போவதில்லை என்றேன். கவிதா அழுதாள்.

"சபையில தாய்மாமன் எங்கன்னு கேப்பாகம்மா. ஒங்க கம்ப்யூட்டரையா காட்டுவீக?"

போன் போட்டேன். "வந்து தொலை" என்றேன். "சரிக்கா" என்றான். குரல் நன்றாகவே இல்லை. இருக்கட்டும்.

புதன்

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. மழை இல்லை. சாம்பாரில் உப்புக் கொஞ்சம் கம்மி, யாரும் சொல்லவில்லை.

சு. புதுச் சட்டையில் வந்தான். தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்தான். தட்டு மாற்றினார்கள். பெண்ணின் அம்மா என்ற முறையில் எல்லோருக்கும் நான் சந்தனம் கொடுத்தேன். அவனுக்குக் குனிந்து கொடுக்கையில் முட்டி வலித்துக் கை நழுவியது. கிண்ணத்துச் சந்தனம் முழுதும் அவன் சட்டைப் பைக்குள் போனது. உள்ளே அவனுடைய புதுப் போன். துடைத்தான், அமுக்கினான். எழுந்தது, அணைந்தது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் அதே.

மதர்போர்டு போயிருக்கும் என்று சொன்னேன்.