மூன்றாம் மாடி ஆன்டியின் கை

இன்று காலை குழாயைத் திறந்ததும், அது இருமி, கொஞ்சம் செம்மண் நிறத் தண்ணீரைக் கக்கிவிட்டு அடங்கிப்போனது. அந்தத் துரு வாடையில் உன் நினைவு வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. நீ போய் இரண்டு வருடமாகியும் அது போகவில்லை.

பூச்சோங்கில் நம் அடுக்குமாடிக்கு ஒன்பது நாள் தண்ணீர் வராத அந்த வருடம், நாம் இருவரும் ஒரே சம்பவத்தைப் படக்கதையாக வரைந்தோம். தண்ணீர் லோரி வந்து நிற்க, ரப்பர் குழாயைப் பிடித்து மூன்றாம் மாடி ஆன்டியும் அடுத்த புளோக் பெண்ணும் இழுத்துக்கொண்ட சண்டை அது. நான் மூன்று வாரம் உழைத்தேன். லோரி, வாளிகள், கூட்டத்தின் முகங்கள், ஒன்றையும் விடவில்லை. நீ நான்கே கட்டங்கள் வரைந்தாய். கடைசிக் கட்டத்தில் ஆன்டியின் கை மட்டும். குழாயின் இரும்பு வளையம் கிழித்து ரத்தம் வந்தும் விடாத கை. பார்த்ததுமே என் பக்கங்களைக் கிழித்துப் போடத் தோன்றியது. "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்த படக்கதைக் கண்காட்சியில் இரண்டையும் அடுத்தடுத்து மாட்டினார்கள். பெயர்ச்சீட்டு இன்னும் ஒட்டவில்லை. வந்தவர்கள் என்னுடையதைக் கடந்துபோய் உன்னுடையதன் முன் நின்றார்கள். ஆன்டியும் அங்கேதான் நின்றார்.

"இது என் கைலா. யாரு வரைஞ்சது?"

"நான்தான் ஆன்டி" என்றேன்.

நீ எனக்குப் பின்னால் நின்றிருந்தாய். என்னைப் பார்க்காமல் ஆன்டியிடம், "நல்லா வரைவா இவ" என்றாய். அவர் போன பிறகுதான் உன் பெயரை ஒட்டினாய். அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இன்று லோரி வந்தபோது வாளியோடு இறங்கினேன். வரிசையில் எனக்கு முன்னால் ஆன்டி. இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னேன்.

"ஆன்டி, அந்தக் கைய வரைஞ்சது நான் இல்ல. அவதான்."

அவர் வாளியைக் காலால் முன்னே தள்ளினார். "எனக்கு அப்பவே தெரியும். அன்னைக்கு ஓடி வந்து என் கையில துணி கட்டிவிட்டதே அவதானே. நீ மேல பால்கனியிலலா நின்ன."

சண்டை ஓய்ந்ததுமே வரைய உள்ளே போய்விட்டேன். நீ கீழே இறங்கிப் போனதே எனக்கு இன்றுதான் தெரியும்.

தண்ணீர் பிடித்துக்கொண்டு படியேறும்போதும் ஆன்டி உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கடைசி வாரத்தில் அவருக்குப் போன் செய்து, "கை ஆறிருச்சா ஆன்டி?" என்று விளையாட்டாகக் கேட்டாயாம். எனக்கு நீ போன் செய்யவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டேதான் ஐந்தாம் மாடிவரை வந்து சேர்ந்தேன்.