தச்சரின் பங்கர் கிடைத்துவிட்டது

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு அன்புடன்,

காட்டுக்குள் அந்தப் பங்கர் கிடைத்துவிட்டது. முதலில் இதைச் சொல்லாமல் சுகம் விசாரித்தால் என்னைத் திட்டுவீர்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு கெர்டா அக்காவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய தகப்பன் தச்சர். இரண்டாம் உலகப்போர் முடிகிற நேரம், அவரும் ஊரவர் மூவரும் காட்டில் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டி ஒளிந்திருந்தார்கள். ஊர்ப் பாலத்தைத் தகர்க்க ஜெர்மன் ராணுவம் கட்டிவைத்த வெடிகளை இரகசியமாகக் கழற்றினார்கள். தச்சர் பிடிபட்டுச் சுடப்பட்டார். மற்ற மூவரும் போருக்குப் பிறகும் ஊரில் வாய் திறக்காமலே செத்துப்போனார்கள். ஊருக்கு அவர் படையை விட்டு ஓடியவர் மட்டும்தான். போரில் இறந்தவர்களின் நினைவுக்கல்லில் அவர் பெயர் இல்லை.

பெயரைச் சேர்க்கச் சொல்லி கெர்டா அக்கா மூன்று தரம் அன்ட்ராக், விண்ணப்பம், போட்டார். ஆதாரம் இல்லையென்று ஊராட்சி திருப்பி அனுப்பியது. "அக்கா, பங்கரை நான் தேடித் தாறன்" என்று நீங்கள் வாக்குக் கொடுத்தது அப்போதுதான்.

இரண்டு குளிர்காலம், காட்டோரத்தில் இருக்கும் பழைய வனக்காவலர் வீட்டையே சுற்றிச் சுற்றித் தேடினீர்கள். "பங்கர் எண்டா வீட்டுக்குக் கிட்டத்தான் பிள்ளை இருக்கும். ஷெல் வரேக்க ஓடிப்போய் விழவேணுமெல்லோ." யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் பங்கர் வெட்டியவருக்கு வேறென்ன தோன்றும்? இவர்கள் ஷெல்லுக்குப் பயந்து வெட்டவில்லை, அப்பா. ஆட்களுக்குப் பயந்து வெட்டினார்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் கெர்டா அக்காவிடம் விசாரித்தேன். அவருடைய தாய் பங்கருக்குச் சாப்பிடப் பாண் கொண்டுபோய்த் திரும்பிவர அரை நாள் ஆகுமாம்.

"இதை அப்பாவிட்டச் சொல்லேல்லையோ?"

"அவர் கேக்கேல்லையே."

நீங்கள் யாரிடம் வழி கேட்டிருக்கிறீர்கள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்த நடைத் தூரத்தைக் கணக்குப் போட்டுத் தேடி, ஓடைக்கு அப்பால், தூரத்துச் சரிவில் கண்டுபிடித்தேன். காட்டிலாகாக்காரர்கள் நரிவளை என்று நினைத்துக் கடந்துபோன மேடு. நீங்கள் சொல்வதுபோலவே வளைந்த வாசல், நெருக்கி அடுக்கிய மரங்கள், மேலே மண். நான் உள்ளே போகவில்லை, பொலிசுக்குப் போன் அடித்தேன். அவர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது, கழற்றிய வெடிகள் ஒரு தகரப்பெட்டியில் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஒரு கொட்டாப்புளி, தச்சர்கள் உளியைத் தட்டும் மரச்சுத்தி. அதன் பிடியில் தச்சரின் முழுப்பெயர் சூடு போட்டு எழுதியிருந்தது.

வருகிற மாதம் கல்லில் பெயர் வெட்டுகிறார்கள். செய்தியைக் கெர்டா அக்காவிடம் சொன்னேன். அவர் டொச்சில், தன் ஜெர்மன் மொழியில், மெதுவாகச் சொன்னார்: "ஊரே என்னட்ட ஆதாரம் கேட்டது. உன்ர அப்பா ஒருத்தர்தான் கேக்கேல்லை. 'வாங்கோ, தேடுவம்' எண்டு சப்பாத்தைப் போட்டார்."

நான் கேட்டேன், அப்பா. நனைந்து இருமிக்கொண்டு வந்த உங்களிடம், "அந்த மனுசி சொல்லுறது உண்மை எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று கத்தினேன். அகதி வழக்கில் அதே கேள்வியை உங்களிடம் எத்தனை வருடம் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். நீங்கள் தலையைத் துவட்டினீர்கள். அன்றைக்கு உங்கள் மனதில் என்ன இருந்தது? என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெயர் வெட்டும் நாளில் கெர்டா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்பேன். இனி தன் கதையைச் சொல்ல என்னிடம் வருகிற எவரையும் முதலில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுப்பேன். ஆதாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சண்டை பிடிக்க ஆளில்லாமல் இருக்கும்
உங்கள் மூத்த மகள்