சாமைக் களத்தில் விழுந்த இரண்டு கல்

இதனால் மலையிலுள்ள சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை களத்தில் சாமை தூற்றும்போது பதர் ஒன்று என் மூக்கில் புகுந்தது. ஒரே தும்மலில் வெளியேற்றப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

உயிர்ச்சேதம் போன வருஷமே ஆகிவிட்டது. நீ.

அன்றும் இதே களம்தான். உன் மாமன் முறத்தைத் தூக்கித் தூற்றினார். சாமை அவர் காலடியில் விழுந்தது. பதர் காற்றோடு போய்த் தள்ளி விழுந்தது. "கனமுள்ளது முந்தி விழுகும். கனமில்லாதது இப்படித்தான், உன்ற கூட்டாளியாட்டம் அலையும்" என்று என்னைக் காட்டினார். நான் பல்லைக் காட்டினேன். கீழ்நாட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த நீதான் சும்மா இருக்கவில்லை.

"கனத்தால இல்லீங்க மாமா, காத்துதான் தடுக்குது" என்று ஒரு பலா இலையை விரித்தபடியே விட்டாய். ஆடி ஆடி இறங்கியது. அதையே இறுக்கிச் சுருட்டி விட்டாய். நேரே விழுந்தது. "அதே இலைதானுங்க. கனம் கூடிப்போச்சா?"

"நாலெழுத்துப் படிச்சதும் காத்துக்கே பாடம் சொல்ல வந்துட்டயா சாமி?"

களமே சிரித்தது. நீ பெரிய கல் ஒன்றும் சின்னக் கல் ஒன்றும் எடுத்துக்கொண்டு பலாமரத்தில் ஏறப் போனாய். மாமன் காலைப் பிடித்து இழுத்தார். தூற்றிக் குவித்த பொலியை அளக்குமுன் களத்தில் கல் விழுந்தால் ஆகாதாம். "அளந்த பொறவு போட்டுக் காட்டறேன்" என்றாய்.

அளப்பதற்குள் உனக்குக் காய்ச்சல். துரைமார் போடுவதாகச் சொன்ன ரோடு இன்னும் அவர்கள் வாயிலேயே கிடந்ததால், உன்னைக் கம்பளியில் கட்டி மூங்கிலில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். உருட்டிவிட்ட கல் கண் மூடித் திறப்பதற்குள் அடிவாரம் போய்விடும் மலை இது. நாங்கள் பாதி இறங்குவதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய்.

உன் மாமன் அழுதார். அழுதுகொண்டே, "களத்துல எதுத்துப் பேசுனான், சாமி குத்தம்" என்றார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. உன் அம்மா காதுபடவே சொன்னார்கள். இந்த வருஷம் அம்மா களத்துப் பக்கமே வரவில்லை.

இன்று பொலி அளந்து முடிந்ததும் மடியில் கற்களோடு நான் ஏறினேன். வலக்கையில் தேங்காய் அளவு, இடக்கையில் நெல்லிக்காய் அளவு. "எது முந்தி விழுகுதுன்னு எல்லாரும் பாருங்க" என்றேன். ராஜாவைப் போலக் கிளையில் நின்று இரண்டையும் விட்டேன். சேர்ந்தே விழுந்தன. களம் வாயைப் பிளந்தது. மாமன் மட்டும் கற்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே பாறையில ஒடைச்சதா இருக்கும்" என்றார். முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாமி குத்தம் என்று மட்டும் இன்று அவர் வாயில் வரவில்லை.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். ராஜாவெல்லாம் இல்லை. கிளை லேசாக அசைந்தது. கீழே பார்த்துவிட்டேன். பயத்தில் இரண்டு கையாலும் கிளையைக் கட்டிக்கொண்டேன். கற்கள் தாமாக விழுந்தன. கண்ணையும் இறுக மூடியிருந்தேன். ஆகவே, நீ காட்டுவதாகச் சொன்னதை நான் பார்க்கவே இல்லை.

கேட்டேன். ஒரே ஒரு சத்தம்.