குடுவைக்குள் மஞ்சள்

என் இல்லத்தரசிக்கு ஆயிரம் கும்பிடு. நான் நலம், தொந்தி அதைவிட நலம். உன் முழங்கால் வலி எப்படி?

ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும் இந்த வேலை நேற்றே போயிருக்கும். வெள்ளைப் பூஞ்சை வளர்த்த குடுவை மஞ்சளாகிக் கிடந்தது. கெட்டுப்போய்விட்டது என்று பிளீச்சிங் கரைசலை ஊற்றப் போனேன்.

“அய்யோ அண்ணே, ஊத்தாதீங்க! மூணு வருஷ உழைப்பு, அந்த மஞ்சள்தான் மருந்து!” என்று ஆராய்ச்சிக்காரப் பெண் ஓடிவந்தாள்.

ஏதோ மலைச்செடியின் மரபணுவைப் பூஞ்சைக்குள் வைத்தார்களாம். செடி தன் வேரில் சேர்க்கும் மருந்தை, மண்ணும் வெயிலும் காணாத இது சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தே செய்துவிட்டது! அவள் சந்தோஷத்தில் அழுதாள், நான் கரைசலைக் கீழே வைத்தேன்.

“இதப் பாரேன்” என்று உன்னை இடிக்க முழங்கையை நீட்டினேன். சுவர்தான் இருந்தது.

முழங்கைக்குக் கொஞ்சம் தைலம் அனுப்பு. மணியடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் அசடு