தம்பி வெட்டி வைத்த செய்தி

மார்ச் 4, செவ்வாய்

நகராட்சிக் கூட்டம் மூன்று மணி நேரம். குடிநீர்க் குழாய் மாற்றுவது பற்றி எட்டுப் பேர் பேசினார்கள், எட்டுப் பேரும் ஒன்றையே சொன்னார்கள். செய்தியைப் பாதி அடித்திருக்கும்போது பஸ் டிப்போவிலிருந்து போன். தம்பி ஓட்டும் வண்டியின் கண்டக்டர்.

"சார், நம்ம தாலாட்டு கேன்டீன்ல விழுந்துட்டார். கையும் காலும் வெட்டி இழுத்துச்சு."

தாலாட்டு என்பது டிப்போவில் தம்பிக்கு வைத்த பெயர். அவன் பிரேக் போட்டால் பயணிகளின் தூக்கம் கலையாது என்பதால். இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் வண்டியை எடுத்திருக்க வேண்டியவன். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி போனேன்.

மார்ச் 7, வெள்ளி

ஸ்கேன் வந்தது. மூளையின் இடப்பக்கம் கட்டி. 3.8 சென்டிமீட்டர். சுற்றிலும் வீக்கம்.

அறுவை மருத்துவர் அம்மா நேராகப் பேசுகிறவர். ஒரு வாரம், பத்து நாளுக்குள் எடுக்க வேண்டும். என்ன வகை என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "ஏன் வந்துச்சு மேடம்? நான் சாப்பிட்டதாலயா?"

"அப்படிச் சொல்றதுக்கு ஆதாரம் இல்லைங்க. பெரும்பாலானவங்களுக்கு ஏன் வந்துச்சுன்னே எங்களால சொல்ல முடியறதில்ல."

வெளியே வந்ததும் சொன்னான்: "வழி கேட்டா, தெரியாதுன்னு சொல்ற கண்டக்டர் மாதிரி இருக்காங்களேண்ணா."

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 10, திங்கள்

ஆபரேஷன் வேண்டாம் என்கிறான்.

வண்டிக் காகிதங்கள் வைக்கும் உறையிலிருந்து ஒரு பத்திரிகை நறுக்கை எடுத்து மேஜையில் வைத்தான். பிளாஸ்டிக் உறை போட்டது. "மூளைக் கட்டியைத் தட்டிலேயே தடுக்கலாம்." பதினேழு வருடத்துக்கு முன் வந்தது. முதல் பக்கம். என் பெயர்.

காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கட்டி குறைவு, பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டவர்களுக்கு அதிகம் என்று ஓர் ஆய்வு. எனக்கு அதிகக் கடிதம் வந்த செய்தி அதுதான்.

"வண்டி நிக்கற ரோட்டோரக் கடையில பொரிச்ச இறைச்சி, புகை போட்ட இறைச்சி, இருபது வருஷம் தின்னிருக்கேன். நீ எழுதியும் கேக்கல. சாப்பாட்டால வந்தது சாப்பாட்டாலயே போகட்டும். ஆறு வாரம் குடு."

"தடுக்கறது வேற, வந்ததைக் கரைக்கறது வேறடா. கரையும்னு நான்கூட எழுதல."

"மண்டையைத் தொறந்தா ஸ்டியரிங்கை மறந்துடணும். அப்புறம் எவன் வண்டி குடுப்பான்?"

அவனுக்கு ஐம்பத்திரண்டு. வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

வழக்கமாகச் சொல்வதையே அவனிடமும் சொன்னேன். "கடைசிப் பத்தியில எல்லா எச்சரிக்கையும் எழுதியிருந்தேன். துணையாசிரியர் டெஸ்க்ல இடமில்லைன்னு வெட்டிட்டாங்க." பத்திரிகையில் கீழிருந்துதான் வெட்டுவார்கள். எல்லாருக்கும் தெரிந்தது.

"அப்போ அந்தப் பத்தியைக் காட்டு" என்றான்.

மார்ச் 13, வியாழன்

பழைய பிரதிகள் கிடக்கும் அறை. எங்கள் ஆபீஸில் நிருபர் கொடுத்த தாளைத் துணையாசிரியரின் சிவப்பு மையோடு மாதவாரியாகக் கட்டி வைப்பார்கள். தும்மித் தும்மி மூன்றாவது கட்டில் கிடைத்தது.

வெட்டே இல்லை. ஒரு வரிகூட.

இரண்டு எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறார். ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு கேள்வி: "ஆய்வின் குறைபாடு பற்றி ஒரு வரி வேண்டாமா?" அதன் கீழே நீல மையில் பதில்: "தேவையில்லை. வேகம் குறையும்."

நீல மை என்னுடையது. என் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆய்வாளர் போனில் சொன்னதை அப்படியே குறித்திருக்கிறேன்: "கட்டி வந்த பிறகு, முன்பு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டோம். நோயாளி தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டே நினைவுபடுத்துவார். இதை வைத்துக் காரணம் சொல்லக் கூடாது. தயவுசெய்து எழுதுங்கள்."

தயவுசெய்து என்ற சொல்லின் கீழ் நானே கோடு போட்டிருக்கிறேன். பிறகு எழுதவில்லை.

பதினேழு வருடமாக அந்தத் துணையாசிரியரைப் பற்றி டீக்கடையில் கதை சொல்லியிருக்கிறேன். எப்போது அதை நானே நம்பத் தொடங்கினேன்?

மார்ச் 14, வெள்ளி

தம்பியிடம் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்றும் சொல்லவில்லை.

தம்பி மனைவி ஆபீஸுக்கே வந்தாள். வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நாலரை கிலோ இறங்கிட்டார் மாமா. உப்பு இல்ல, எண்ணெய் இல்ல. வெள்ளரிக்காயைத் தராசுல வச்சு நிறுக்கறார். ஒரு முட்டை சாப்பிடுங்கன்னா, என்னைக் கொல்லப் பாக்கறியான்னு கத்தறார். நேத்து கரண்டியைக் காட்டி 'அந்தச் சாவியை எடு'ன்னார். வார்த்தை தப்புன்னு அவருக்கே தெரியல."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் மாமா. கடையில தின்னது ஒரு வேளைதான். மத்த வேளையெல்லாம் என் சமையல். அப்போ நான்தானே குடுத்தேன்?"

என் செய்தியை அவளும் படித்திருக்கிறாள். அது அவளை என்னவாக ஆக்கியிருக்கிறது! "இல்லம்மா, இல்ல" என்றேன். 

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன். தாளையும் நோட்டையும் அவன் முன்னால் வைத்தேன். நீல மையை விரலால் தடவிப் பார்த்தான்.

"வேகம் குறையுமாம்" என்றான். "நான்கூட வளைவுல வேகத்தைக் குறைப்பேனேண்ணா."

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம்.

"அப்போ ஆபரேஷனுக்கு ஒத்துக்கடா."

"நீ இப்போ பயத்துல பேசறே. எனக்காகப் பேசறே. அன்னிக்கு எழுதினப்போ என்னை நினைச்சு எழுதல, உலகத்துக்கு எழுதினே. எதை நம்பறது? பேப்பர்ல வந்ததை வாயால அழிக்க முடியாது. பேப்பர்லயே போடு. திருத்தம்னு போடுவீங்களே, அந்தப் பெட்டியில. வந்தா, மறுநாளே படுக்கறேன்."

சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. "பெட்டி" என்ற சொல்லைத் தேடி மூன்று முறை நின்றான்.

மார்ச் 20, வியாழன்

ஆசிரியர் அறை. என்னைவிட இளையவர்.

"சார், முப்பது நாள் தாண்டினா திருத்தம் கிடையாது. இது விதி. நீங்க எழுதின விதி."

"தெரியும்."

"பதினேழு வருஷம்! யார் ஞாபகம் வச்சிருக்கா?"

"பிளாஸ்டிக் உறை போட்டு வச்சிருக்கான்."

கட்டுரையாக எழுதித் தரச் சொன்னார். உருக்கமாக வரும், நன்றாகப் படிப்பார்கள் என்றார். நன்றாகப் படிப்பார்கள் என்றுதான் அன்றைக்கும் எழுதினேன். வேண்டாம், நாலு வரி போதும் என்றேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மார்ச் 22, சனி

மறுபடி வலிப்பு. ஏழு நிமிடம். நின்ற பிறகும் வலது கை தூக்க வரவில்லை. மருத்துவர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டார். ஒரு பெட்டிச் செய்திக்காக என்று எப்படிச் சொல்ல?

ஆசிரியருக்கு ஆறு முறை போன் செய்தேன். ஏழாவது முறை எடுத்தார். கத்தினேன். ஆபீஸில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை. பத்திரிகையா நடத்தறீங்க, ஒரு மனுஷன் சாகறான்யா, நாலு வரிய்யா, நாலே வரி!

மார்ச் 24, திங்கள்

வந்துவிட்டது.

"திருத்தம்: பதினேழு ஆண்டுகளுக்கு முன் இந்நாளிதழில் வெளியான 'மூளைக் கட்டியைத் தட்டிலேயே தடுக்கலாம்' என்ற செய்தி தவறானது. அந்த ஆய்வு உணவைக் காரணமாக நிறுவவில்லை. ஆய்வாளர் அதைத் தெளிவாகக் கூறியும் எமது நிருபர் எழுதவில்லை. உணவு சிகிச்சைக்கு மாற்று ஆகாது." கீழே என் பெயர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடது கையால் பிடித்து இரண்டு முறை படித்தான்.

"ரெண்டாம் பக்கம். கீழ் மூலை" என்றான். "தப்பு முதல் பக்கத்துல வந்துச்சு."

பிறகு மனைவியைப் பார்த்து, தலையைக் காட்டி, கத்தரிபோல் இரண்டு விரலை ஆட்டினான். மொட்டை அடிக்கச் சொல்லு என்று அர்த்தம்.

மார்ச் 27, வியாழன்

காலை எட்டுக்கு உள்ளே. மதியம் இரண்டே முக்காலுக்கு வெளியே. உயிர் இருக்கிறது.

மார்ச் 29, சனி

பெரும்பகுதி எடுத்துவிட்டார்கள். முழுதும் முடியவில்லை. பேச்சுக்கான இடத்தை ஒட்டியிருந்ததாம்.

"முதல்லயே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வீக்கம் குறைவா இருந்திருக்கும். மத்தபடி உறுதியாச் சொல்ல முடியாதுங்க. சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்குமா, வலிக்குமான்னும் தெரியல."

ஏப்ரல் 9, புதன்

பரிசோதனை முடிவு. நல்ல வகை அல்ல. ஆறு வாரம் கதிர்வீச்சு. எத்தனை காலம் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதுதான் என் தொழில்.

ஆபீஸில் ஒரு வாசகி எனக்காகக் காத்திருந்தார். கணவர் போன வருடம் இதே நோயில் போய்விட்டாராம். "நான் சமைச்சதால இல்லைன்னு இப்பத்தான் சார் படிச்சேன்" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அதைச் சொல்லத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

ஏப்ரல் 16, புதன்

தம்பி வீடு. மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் மீன் வறுத்திருந்தாள். தட்டில் வைத்துவிட்டு, தன் தட்டைத் தொடாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மீனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன.

"அண்ணா... இது... சாப்பிடலாமா?"

"எனக்குத் தெரியாதுடா. டாக்டரைக் கேட்டேன். பிடிச்சதைச் சாப்பிடச் சொன்னாங்க."

மீன் துண்டைத் தொட்டான். இடது கையால் முள்ளை எடுக்க வரவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.