நட்சத்திரத் தடம்

ஹோமேப், பாலைவனத்துக் குய்செப் ஆற்றங்கரை

அன்பு மகன் எஃப்ராயிமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் கர்த்தர் கிருபையால் சுகம், ஹாம்பர்க்கில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். இந்த வருஷம் மணல்மேட்டு நாராக் கொடி நன்றாகக் காய்த்தது, விதை காயவைத்திருக்கிறேன், ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன். கழுதை நொண்டுகிறது. உன் அப்பா அதைவிட மோசமாக நொண்டுகிறார், கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறார்.

போன வாரம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். பாலைவனப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை வழக்கம்போல ஒரு நாள் நடைக்கு அழைத்துப்போனோம். நான் தலை எண்ணுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், காலையிலேயே ஒவ்வொருவர் ஷூவின் அடியையும் பார்த்து வைத்துக்கொள்வேன், பிறகு மணலே எனக்கு எல்லாம் சொல்லும். அன்றைக்கு நீ இருக்கும் ஹாம்பர்க் பக்கத்து அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள், பிரிகிட்டே அம்மாவின் ஷூ அடியில் நட்சத்திரம், மகள் நாடியாவுடையதில் அலை. அனா மரத்தடியில் சாப்பிட்டு முடித்ததும் வேகமாக நடக்கிறவர்களை அப்பா முன்னால் கூட்டிப்போனார், நாடியாவும் போனாள், மெதுவாக வருகிறவர்களோடு நான் பின்னால் வந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் பிரிகிட்டே இல்லை. கீழே பார்த்தேன், நட்சத்திரத் தடம் அழகாக முன்னால் போயிருந்தது. மகளோடு சேர்ந்துகொள்ள என்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்று மனது ஆறி, பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு போனேன் மகனே.

தண்ணீர் பீப்பாய் வைத்திருக்கும் இடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், பிரிகிட்டே மட்டும் இல்லை. நட்சத்திர ஷூ நாடியாவின் காலில் இருந்தது. "அம்மாவுக்குக் கொப்புளம் வந்துடுச்சு, சாப்பிடறப்போ மாத்திக்கிட்டோம், இதையெல்லாம் சொல்லணுமா?" என்றாள் அந்தப் பெண். அப்பா என்னைப் பார்த்து, "தடத்தைப் பார்த்தியே ஹெஸ்டர், ஆளைப் பார்த்தியா?" என்றார். மத்தியானக் காற்று எழுகிற நேரம், எழுந்தால் மணலில் ஒன்றும் மிஞ்சாது. மற்றவர்களுக்கு அப்பாவைக் காவல் வைத்துவிட்டு வந்த வழியே ஓடினேன், கூடவே நாடியாவும் ஓடி வந்தாள். அனா மரத்துக்குப் பின்னால் அலைத் தடம் கிடைத்தது, ஒதுங்கப் போனவள் திரும்பும்போது தப்பான பள்ளத்தில் இறங்கியிருந்தாள். பாதித் தடத்தைக் காற்று அழித்துவிட்டிருந்தது. ஓர் இடத்தில் காலித் தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் செத்த பிணத்தைத்தான் தூக்கப்போகிறேன் என்று நினைத்தேன், வாய்விட்டு ஜெபம் செய்துகொண்டே போனேன். பாறை இடுக்கு நிழலில் சுருண்டு கிடந்தாள், உதடு வெடித்திருந்தது, உயிர் இருந்தது. தலையைத் தூக்கித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா, "நாடியாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவா." நாடியா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும்போல் இருந்தது, இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ போனில் பேசும்போது பின்னால் துறைமுகத்துக் கப்பல்கள் ஊதும், கடல் பறவைகள் கத்தும், அதைக் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் இல்லை, ரயில்தான் கேட்கிறது, யாரோ குழந்தை அழுகிறது. கேட்டால் "அதே வேலை, அதே அறை, நல்லா இருக்கேன்மா" என்கிறாய். அப்பாவும் "விடு, பையன் நல்லா இருக்கேன்னு சொல்றான்ல" என்கிறார். அந்த நட்சத்திரத் தடத்தை நம்பியதுபோல உன் "நல்லா இருக்கேன்" என்பதையும் நம்பிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி எதிர்த் திசையில் நடந்துகொண்டிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. வேலை போயிருந்தால் போகட்டும், இங்கே ஆடு இருக்கிறது, நாரா இருக்கிறது, நீ பிறந்த வீடு இருக்கிறது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஷூவை மாற்றியிருந்தால் மட்டும் சொல்லிவிடு மகனே, காற்று எழுவதற்குள் வந்துவிடுவேன்.

இப்படிக்கு, உன் தடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா,
ஹெஸ்டர்